வான்கோழிக் குஞ்சு மலையில் தங்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் காரணம் தேடுங்கள்

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைக்கும் கேரட்டுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் வீட்டில் ஆறு வருடமாக வான்கோழி உண்டு. வளர்ந்த வான்கோழிக்கு இந்தக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. உறைபனியில் புல் வெள்ளையாகக் கிடக்கும்போதும் அது பாட்டுக்குக் கொத்திக்கொண்டு திரியும். பாடெல்லாம் முட்டை வைத்த நாளிலிருந்து குஞ்சுக்கு ஆறு வாரம் ஆகும் வரைதான். முதல் வருடம் 14 முட்டை வைத்தேன். ஆறாவது வாரம் என் கையில் இருந்தது 2 குஞ்சு.

மீதி 12 எப்படிப் போயின என்று பிறகு ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். நோய் என்று சொல்ல ஒன்றுதான் தேறியது. மற்றதெல்லாம் ஈரம், சூடு, பசி. அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் முதலில் அடைவைக்கும் பெட்டியையும் (இன்குபேட்டர்) கூண்டையும் தீவனத்தையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், மருந்தை அப்புறம்தான். சமவெளிக்காரர்கள் சொல்கிற வழியை அப்படியே இங்கே செய்தால் இரண்டு மூன்று இடங்களில் தலைகீழாகிவிடும். அந்த இடங்களில் கொஞ்சம் நின்று பேசுகிறேன்.

அளவுகள் முதலில். வான்கோழி முட்டைக்கு அடைகாலம் 28 நாள். விசிறி உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸ். விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடாகவும் கீழே ஆறியும் இருக்கும் என்பதால், முட்டையின் மேல்மட்டத்தில் வைத்து அளந்து 38.3 முதல் 38.9 வரை. ஈரப்பதம் முதல் 25 நாள் 55 முதல் 60 சதவீதம், கடைசி மூன்று நாள் 70ஐ ஒட்டி. முட்டையைத் தினமும் மூன்று முறையாவது திருப்ப வேண்டும், 25ஆம் நாளோடு நிறுத்திவிட வேண்டும்.

இந்த எண்களெல்லாம் உங்கள் தெர்மோமீட்டர் உண்மை சொன்னால்தான். கொதிக்கும் நீரில் வைத்து 100 காட்டுகிறதா என்று இங்கே சோதிக்காதீர்கள். ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். நல்ல தெர்மோமீட்டரைக் கெட்டதென்று தூக்கிப் போட்டுவிடுவீர்கள். இடித்த ஐஸும் கொஞ்சம் தண்ணீரும் கலந்த டம்ளரில் வையுங்கள், பூஜ்யம் காட்ட வேண்டும். இல்லையென்றால் வெதுவெதுப்பான நீரில் காய்ச்சல் பார்க்கும் தெர்மோமீட்டரையும் இதையும் சேர்த்துப் பிடித்து ஒப்பிடுங்கள். ஈரப்பதமானிக்கு வேறு வழி: ஒரு பாட்டில் மூடியில் தூள் உப்பைச் சேறு மாதிரி நனைத்து, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு ராத்திரி மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். என்னுடையது 84 காட்டியது. முதல் வருடம் முழுக்க அந்த 9 புள்ளி பொய்யை நம்பித்தான் அடை வைத்திருந்தேன்.

பத்தாம் நாள் ஒளி வைத்துப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை

இருட்டு அறையில் செல்போன் டார்ச்சின் மேல் அட்டைக் குழலை வைத்து, அதன் வாயில் முட்டையின் அகன்ற முனையை வைத்துப் பாருங்கள். வான்கோழி முட்டை புள்ளி போட்டது, ஓடும் கனம். நாட்டுக்கோழி முட்டை மாதிரி பளிச்சென்று தெரியாது. ஏழாம் நாள் சந்தேகமாக இருந்தால் பத்தாம் நாள் திரும்பப் பாருங்கள், அவசரப்பட்டு எறிய வேண்டாம்.

உள்ளே சிலந்தி மாதிரி ரத்தக் குழாய்கள் ஓடினால் உயிர் இருக்கிறது. மஞ்சள் நிழல் மட்டும் ஆடினால் கரு கூடாத முட்டை. ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு பிடித்து முதல் வாரத்திலேயே செத்திருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துக் கூமுட்டை என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் காரணம் வேறு வேறு.

கரு கூடாதது பெரும்பாலும் சேவல் பக்கத்துக் குறை. நடுத்தர உடம்புள்ள இனத்தில் ஒரு சேவலுக்கு ஐந்து பெட்டை, கனத்த இனத்தில் மூன்று என்பது கணக்கு. பிராய்லர் மாதிரி மார்பு பெருத்த பெரிய வெள்ளைச் சேவலால் இயற்கையாக இணைசேரவே முடியாமல் போவதும் உண்டு. சென்னையில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய நந்தனம் வான்கோழி-1, உள்நாட்டுக் கறுப்பு வான்கோழியையும் பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளையையும் கலந்தது. உடம்பு சிறியது என்பதால் வீட்டில் குஞ்சு எடுக்க நினைப்பவர்களுக்கு அது தோது.

ரத்த வளையம் வந்தால் முட்டையின் பயணத்தைக் கேளுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்த முட்டையை இறக்கின கையோடு பெட்டியில் வைக்கக் கூடாது. கூர்முனை கீழே இருக்கும்படி ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைத்தால், அகன்ற முனையில் இருக்கிற காற்றறை தன் இடத்தில் போய் அமரும். எங்கள் ஊர் அறை வெப்பமே முட்டையைச் சேர்த்து வைக்க ஏற்றது, 13 முதல் 18 டிகிரிதான் வேண்டும். ஆனால் பத்து நாளுக்கு மேல் சேர்க்காதீர்கள். குளிர்ந்த முட்டையை நேராகச் சூடான பெட்டிக்குள் வைத்தால் ஓடு வியர்த்து அழுக்கை உள்ளே இழுத்துக்கொள்ளும். முதலில் சமையலறை அலமாரியில் அரை நாள் வையுங்கள்.

ஓட்டைக் குத்தியது, அப்புறம் அசையவே இல்லை

என் முதல் வருடத்தின் பெரிய சேதம் இதுதான். ஐந்து முட்டை. 28ஆம் நாள் காலையில் ஓட்டில் நட்சத்திரம் மாதிரி விரிசல். உள்ளிருந்து கீச்சுக் குரல்கூடக் கேட்டது. மறுநாள் சாயங்காலம் குரல் நின்றுவிட்டது. உடைத்துப் பார்த்தேன். உள்சவ்வு காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி பழுப்பாகிக் குஞ்சின் மேல் ஒட்டியிருந்தது. மூக்கு இருந்த இடத்தில் மட்டும் ஒரு துளை. முழுதாக வளர்ந்த குஞ்சு, கழுத்தைத் திருப்ப இடமில்லாமல் செத்திருந்தது.

நான் ஈரத்தைக் குறைத்து வைத்திருந்தேன். ஜூலை மாதம், பத்து நாளாக வெயில் முகமே இல்லை, துவைத்த துணி காயவில்லை, சுவரில் கை வைத்தால் ஈரம். பெட்டியில் தண்ணீர்த் தட்டு எதற்கு? கீழ் வீட்டு அக்காவும் வந்து பார்த்துவிட்டு, “வெளியே ஆள் முகம் தெரியாத மிஸ்டு, இதுக்குள்ள வேற தண்ணி வைக்கணுமா தம்பி?” என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

அது தப்பு. 12 டிகிரி மூடுபனிக் காற்று நூறு சதவீதம் ஈரமாக இருக்கிறது என்றால், அந்தக் குளிருக்கு அது நிறைந்திருக்கிறது என்றுதான் பொருள். அதே காற்று பெட்டிக்குள் போய் 37.5 டிகிரிக்குச் சூடானதும், அதில் ஒரு சொட்டுக்கூடக் குறையாமலே, ஈரப்பதம் 22 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சூடான காற்று அதைவிட நாலரை மடங்கு ஈரம் பிடிக்கும், கிடைக்காததை முட்டையிலிருந்து உறிஞ்சும். வெளியே எவ்வளவு குளிரோ அவ்வளவு வறட்சி உள்ளே. சென்னை மாதிரி ஊரில் புழுங்கும் காற்று ஏற்கெனவே சூடாகவும் ஈரமாகவும் இருப்பதால் அவர்கள் தட்டில் தண்ணீர் குறைவாக வைத்தும் தப்பிக்கிறார்கள். நமக்கு அது ஆகாது.

உயரமும் தன் பங்குக்கு உலர்த்துகிறது. ஊட்டி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். மெல்லிய காற்றில் ஓட்டுத் துளைகள் வழியாக நீராவி வேகமாக வெளியேறும். ஆக, மானியில் அதே 55 சதவீதம் காட்டினாலும் இங்கே முட்டை கூடுதலாக உலரும்.

எனவே மானியைவிட நான் நம்புவது சமையலறைத் தராசைத்தான். 25ஆம் நாளுக்குள் முட்டை தன் எடையில் ஏறக்குறைய 12 சதவீதம் இழக்க வேண்டும். 85 கிராம் முட்டை பத்து வைத்திருந்தால் மொத்தம் 850 கிராம், நாளுக்கு 4 கிராம் குறைய வேண்டும். 25ஆம் நாள் 748ஐ ஒட்டி நிற்க வேண்டும். ஏழாம் நாள் எடை பார்க்கும்போது 28 கிராமுக்குப் பதில் 45 கிராம் குறைந்திருந்தால் தட்டைப் பெரிதாக்குங்கள். ஈரத்தை முடிவு செய்வது தட்டின் ஆழம் இல்லை, அகலம்தான். பரப்பு போதாவிட்டால் ஒரு பஞ்சுத் துண்டை நிமிர்த்தி வையுங்கள். எடை மிகக் குறைவாக இறங்கினால் தட்டைச் சிறிதாக்குங்கள். கூமுட்டைகளை எடுத்த பிறகு மொத்தத்தைத் திரும்பக் கணக்கிட மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்து, 170 கிராம் ஒரே நாளில் போய்விட்டது என்று பதறினேன்.

இனி, குத்தி நின்றுவிட்ட முட்டையை இப்போது கையில் வைத்திருப்பவர்களுக்கு. வான்கோழிக் குஞ்சு முதல் விரிசலிலிருந்து வெளியே வர ஒரு நாள் எடுத்துக்கொள்வது சாதாரணம். அதுவரை மூடியைத் திறக்காதீர்கள், திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த 22 சதவீதக் காற்றுதான் உள்ளே போகிறது. 24 மணி நேரம் தாண்டி, சவ்வு வெள்ளையாக இல்லாமல் பழுப்பாகித் தோல் மாதிரி ஆகியிருந்தால் மட்டும் உதவுங்கள். கொதிக்க வைத்து ஆறிய வெதுவெதுப்பான நீரைப் பஞ்சில் தொட்டுச் சவ்வை நனையுங்கள். காற்றறைப் பக்கத்து ஓட்டை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ரத்தம் ஒரு துளி எட்டிப் பார்த்தால் அங்கேயே நிறுத்தி, ஈரத்துணி போர்த்திப் பெட்டிக்குள் திருப்பி வையுங்கள். இன்னும் மஞ்சள்கரு உள்ளே இழுபடவில்லை என்பதற்கு அது அடையாளம். இப்படி இதுவரை ஏழு முட்டைக்கு உதவியிருக்கிறேன், நான்கு பிழைத்தன.

வயிறு வீங்கி, ஈரமாக, தொப்புள் மூடாமல் வருகிறது

இது மேலே சொன்னதற்கு நேர் எதிர். சூடு குறைவாகவோ ஈரம் அதிகமாகவோ இருந்து, குஞ்சு 29, 30 நாள் என்று தாமதமாக வருகிறது. ஈரத்தைப் பற்றி மேலே சொன்னதைப் படித்துவிட்டு ஆர்வத்தில் மூன்று தட்டு வைத்தவர்களுக்கு நடக்கும். தொப்புளில் அயோடின் தொட்டு வைத்து, உலரும் வரை தனியாக வையுங்கள். நாற்றம் அடித்தால் அது கிருமி உள்ளே போய்விட்டதன் அடையாளம், பெரும்பாலும் தங்காது. மாறாக 26, 27ஆம் நாளிலேயே சிறுத்துப்போன குஞ்சுகள் வந்தால் பெட்டி சூடு அதிகம்.

இன்னொன்று: குளிருக்குப் பயந்து பெட்டியின் காற்றுத் துளைகளை அடைப்பது. நம் உயரத்தில் பிராணவாயுவே கொஞ்சம்தான். கடைசி வாரம் கரு முழு மூச்சாக இழுக்கும் நேரம், துளையை அடைத்தால் உள்ளே புழுங்கிச் சாகும். துளை திறந்தே இருக்கட்டும், சூடு போதவில்லையென்றால் பெட்டியை வீட்டுக்குள் நகர்த்துங்கள். கரண்ட் போனாலும் அதேதான். மழைக்காலத்தில் மரம் விழுந்து நாலைந்து மணி நேரம் போவது இங்கே புதிதல்ல. மூடியைத் திறக்காமல், துளையை விட்டுவிட்டுச் சுற்றிலும் கம்பளி போர்த்துங்கள். சில மணி நேரக் குளிர்ச்சியை முட்டை தாங்கும்.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்று அடைக்கோழியை நம்புகிறவர்கள் உண்டு. வான்கோழிப் பெட்டையே 10 முதல் 15 முட்டை அடைகாக்கும், நன்றாகவும் வளர்க்கும். அது அடைக்கு உட்கார்ந்தால் நான் இன்குபேட்டரைத் தொடமாட்டேன். நாட்டுக்கோழியை வைத்தால் 21 நாளில் எழுந்துபோகப் பார்க்கும், பெரிய முட்டையைத் திருப்பவும் திணறும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, மஞ்சள் எச்சம் பற்றிச் சொல்லும்போது வருகிறேன்.

நல்லாத்தான் இருந்தது, மூன்றாம் நாளிலிருந்து வரிசையாகச் சாகிறது

இரண்டு நாள் துறுதுறுவென்று ஓடும். மூன்றாம் நாள் தலை தொங்கும். நாலாம், ஐந்தாம் நாள் ஒவ்வொன்றாகப் போகும். உடனே நோய், மருந்து என்று ஓடுவோம். செத்ததை எடுத்துக் கழுத்தடியில் இரைப்பையைத் தொட்டுப் பாருங்கள். காலியாக, அல்லது மரத்தூள் மட்டும் நெருடினால், அது பட்டினியில் செத்தது. தீவனத் தட்டு நிறைந்திருக்கும்போதே பட்டினி.

நம்ப முடியாது, ஆனால் வான்கோழிக் குஞ்சு அப்படித்தான். முட்டையிலிருந்து கொண்டுவந்த மஞ்சள்கரு முதல் இரண்டு மூன்று நாளுக்குத் தாங்கும், அது தீர்வதற்குள் தின்னக் கற்றுக்கொள்ள வேண்டும். கோழிக்குஞ்சு கண்ணில் பட்டதையெல்லாம் கொத்தும். இதற்குப் பார்வை மந்தம் மாதிரி, தட்டின் மேலேயே நின்றுகொண்டு பட்டினி கிடக்கும். முதல் வாரச் சாவில் பெரும்பங்கு இதுதான் என்று வேளாண் பல்கலைக்கழக வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது. அதற்கு அவர்கள் சொல்லும் வைத்தியம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால், பத்துக் குஞ்சுக்கு ஒரு வேகவைத்த முட்டை, பதினைந்து நாளுக்கு.

நான் செய்வது இப்படி. குஞ்சு உலர்ந்து கூண்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, அலகு நுனியை மட்டும் வெதுவெதுப்பான பால் தண்ணீரில் தொட வைப்பேன். அது தலையை நிமிர்த்தி விழுங்கும், இரண்டு முறை. அப்புறம் வேகவைத்த முட்டையை உதிர்த்து, பொடியாக நறுக்கின வெங்காயத் தாளோ கீரையோ கலந்து, காலி முட்டை அட்டையைக் கவிழ்த்து அதன் குழிகளில் போடுவேன். பச்சை நிறம் என்றால் இவற்றுக்கு ஒரு கிறக்கம். தண்ணீர்த் தட்டிலும் தீவனத்திலும் பெரிய கோலிக்குண்டு நாலைந்து போடுங்கள், மின்னுவதைக் கொத்தப் போய் இரையும் வாய்க்குள் போகும். தண்ணீரில் விழுந்து சாவதையும் குண்டுகள் தடுக்கும். விழுங்கும் அளவில் சின்னக் குண்டு போடாதீர்கள். பால் தண்ணீர் மூன்று நான்கு மணி நேரத்தில் புளிக்கும், கொட்டிவிட்டு மாற்றுங்கள்.

அப்படியும் கற்றுக்கொள்ளாவிட்டால் வாத்தியார் போடுங்கள். அதே இன்குபேட்டரில் வான்கோழி முட்டைக்கு ஏழு நாள் கழித்து இரண்டு நாட்டுக்கோழி முட்டையையும் வைத்தால் எல்லாம் ஒரே நாளில் பொரிக்கும். கோழிக்குஞ்சு கொத்துவதைப் பார்த்து இவையும் கொத்தும். மண்ணில் கால் வைக்காத குஞ்சு என்பதால் நோயும் கொண்டுவராது. பத்து நாள் ஆனதும் வாத்தியாரைப் பிரித்துவிடுங்கள்.

தீவனம் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வான்கோழிக் குஞ்சுக்கு முதல் நாலு வாரம் புரதம் 28 சதவீதம் வேண்டும். நம் ஊர்க் கடைகளில் வான்கோழித் தீவனம் என்று தனியாகக் கிடைக்காது, பிராய்லர் முதல்நிலைத் தீவனம் 22, 23 சதவீதம்தான். அதோடு வேகவைத்த முட்டை, சோயாப் புண்ணாக்குத் தூள் சேர்த்துக்கொள்ளலாம். கருவாட்டுத் தூள் போடுகிறவர்கள் உப்புப் போடாத மீனாகப் பாருங்கள், உப்புக் கருவாடு குஞ்சைக் கொன்றுவிடும். மூட்டையின் சீட்டையும் படியுங்கள். கோழிக்கு ரத்தக் கழிச்சல் வராமலிருக்கச் சேர்க்கும் சாலினோமைசின், நராசின் என்ற இரண்டும் வான்கோழிக்கு விஷம். தீவனம் மாற்றிய சில நாளில் கால்கள் பின்னால் நீட்டிக்கொண்டு எழ முடியாமல் கிடந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது மூட்டையைத்தான்.

எல்லாம் ஒரே மூலையில் ஏறி மிதித்துக்கொள்கின்றன

குளிர். வேறொன்றும் இல்லை. குஞ்சின் முதுகு உயரத்தில் முதல் வாரம் 35 டிகிரி இருக்க வேண்டும், வாரத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரி குறைக்கலாம். சமவெளியில் நாலு வாரத்தில் பல்பை அணைத்துவிடுவார்கள், இங்கே ஆறு வாரம் வரைக்கும் ராத்திரி சூடு வேண்டியிருக்கும். கீழே குஞ்சுக்கு 2 வாட் என்று கணக்கு வைப்பார்கள், எனக்கு அது பாதிக்குக்கூடப் போதவில்லை. எல்ஈடி பல்பில் சூடு வராது, குண்டு பல்போ செராமிக் ஹீட்டரோ வேண்டும். சங்கிலியில் தொங்கவிடுங்கள், ஒயரை நம்பாதீர்கள்.

கணக்கைவிடக் குஞ்சு படுக்கும் விதம் சரியாகச் சொல்லும். பல்புக்கு அடியில் குவிந்து கத்தினால் சூடு போதாது. ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்துகொண்டிருந்தால் அதிகம். ஒரே பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது. பரவலாகப் படுத்துத் தூங்கினால் நீங்களும் போய்த் தூங்கலாம். ராத்திரி பத்து மணிக்கும் விடிகாலை மூன்றரைக்கும் பாருங்கள், எங்கள் பக்கம் குளிர் உச்சத்துக்கு ஏறுவது அந்த விடிகாலையில்தான். மூலை இல்லாமல் அட்டையை வட்டமாக வளைத்துவிட்டால் மிதிபட்டுச் சாவது குறையும்.

கரண்ட் போன ராத்திரி கரி போட்ட கணப்புச் சட்டியை உள்ளே வைக்கலாமா என்று கேட்பார்கள். வைக்கவே வைக்காதீர்கள். மூடின அறையில் கரிப்புகையின் விஷவாயு குஞ்சை மட்டுமல்ல, பக்கத்தில் படுத்திருக்கிறவர்களையும் கொல்லும். மலையில் அப்படி மனிதர்களே இறந்திருக்கிறார்கள். பாட்டிலில் சுடுநீர் ஊற்றி, துணி சுற்றி, தெர்மோகோல் பெட்டிக்குள் குஞ்சுகளோடு வைத்து, மூடியில் ஓட்டை போட்டுவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

கால் இரண்டும் பக்கவாட்டில் விரிகிறது

செய்தித்தாள் விரித்தீர்களா? வழுக்கும் தரையில் முதல் இரண்டு நாள் நின்றாலே கால் விரிந்துவிடும். சொரசொரப்பான சாக்குத் துணியை விரியுங்கள். விரிந்த கால்களை ஒட்டும் பட்டையால் எட்டுப் போல் சுற்றி, இயல்பான இடைவெளியில் மூன்று நாள் கட்டி வைத்தால் பெரும்பாலும் சரியாகும், முதல் நாளே பிடித்தால். நாலாம் நாள் தாண்டினால் கஷ்டம். விரல்கள் உள்பக்கம் சுருண்டால் அது பி2 வைட்டமின் குறை, தண்ணீரில் கலக்கும் பி காம்ப்ளெக்ஸ் கொடுங்கள். பின்புறம் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து எடுங்கள், பிய்க்காதீர்கள். அது பெரும்பாலும் குளிர்பட்டதன் விளைவு, கூண்டுச் சூட்டைப் பாருங்கள்.

சத்தமில்லாமல் வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது

கழுத்தை நீட்டி வாயைத் திறந்து இழுக்கும், ஆனால் சளிச் சத்தம், கரகரப்பு இருக்காது. முதல் இரண்டு மூன்று வாரத்தில் இது வந்தால் கூளத்தை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை. மலையில் எங்களுக்கு நெல் உமி கிடையாது, கீழிருந்து சாக்கில் வருகிறது. கொட்டகையில் ஒரு மாதம் கிடந்தாலே நடுவில் சாம்பல் பூத்துவிடும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போய் வளர்கிறது. மருந்து கொடுத்துப் பயன் கண்டதாக எனக்கு அனுபவமில்லை. கூளம் முழுவதையும் அப்புறப்படுத்தி, குஞ்சுகளை வேறு அறைக்கு மாற்றினால் புதிதாக வருவது நிற்கும். உமியைக் கைப்பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள், கட்டியாக நின்றால் அடுப்பு மேல் பரணில் இரண்டு நாள் உலர்த்திவிட்டுப் போடுங்கள்.

சத்தத்தோடு மூச்சும், கண்ணுக்குக் கீழே பலூன் மாதிரி வீக்கமும் இருந்தால் அது வேறு: மைக்கோபிளாஸ்மா. அதற்கு மருந்து உண்டு, கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். பெரும்பாலும் தாய்ப்பறவையிலிருந்து முட்டை வழியாகவே வருவது, அதனால் அடுத்த முறை முட்டையை வேறு இடத்தில் வாங்குங்கள்.

கந்தக மஞ்சளில் எச்சம், இறக்கை தொங்குகிறது

மூன்று வாரம் தாண்டியபின், குஞ்சு நன்றாகத் தேறிவிட்டது என்று நீங்கள் நிம்மதியான நேரத்தில் இது வரும். கண்ணை மூடி, இறக்கையைத் தொங்கவிட்டு ஒதுங்கி நிற்கும். எச்சம் மஞ்சள்தூள் கரைத்த மாதிரி இருக்கும். இங்கிலீஷில் இதற்குக் கருந்தலை நோய் என்று பொருள்படும் பேர், ஆனால் பலதுக்குத் தலை கறுப்பதே இல்லை, பேரை வைத்து ஏமாறாதீர்கள். ஹிஸ்டோமோனஸ் என்ற நுண்ணுயிர் குடல்வாலிலும் ஈரலிலும் புண் போடுகிறது.

நாட்டுக்கோழியைப் பற்றிச் சொல்ல வந்த சிக்கல் இதுதான். கோழிக்கு இது பெரிதாக ஒன்றும் செய்யாது, ஆனால் அதன் வயிற்றுப் புழுவின் முட்டைக்குள் இந்தக் கிருமி பத்திரமாக இருந்து எச்சத்தோடு மண்ணில் விழும். மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கும். மண்புழு அதைத் தின்னும், மண்புழுவை வான்கோழிக் குஞ்சு தின்னும். மழைவிட்ட மறுநாள் தேயிலைப் பாத்தி ஓரமெல்லாம் மண்புழு மேலே வந்து நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். வெயில் சுடாத, காயாத நம் மண் இதற்கு வசதி. ஆகவே கோழி மேய்ந்த இடத்தில் வான்கோழிக் குஞ்சை மூன்று மாதம் வரை விடாதீர்கள். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் கம்பிவலைத் தளம் போட்டுக் கூண்டு கட்டினேன், அதோடு எங்கள் வீட்டில் இது நின்றது. கோழிக்கூட்டுக்குப் போன செருப்போடு இங்கே வரவும் கூடாது. அடைக்கோழிக்குப் புழு மருந்து கொடுக்காமல் வான்கோழி முட்டை வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

இதற்குத் தடுப்பூசி கிடையாது. கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். செத்த குஞ்சு இருந்தால் அதையும் எடுத்துப்போங்கள், ஈரலில் வட்டவட்டமாகக் குழிந்த புண்கள் இருக்கிறதா என்று அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பக்கத்து வீட்டார் சொன்ன மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். சளி மாதிரி, தண்ணீராக, சில சமயம் ரத்தத்தோடு கழிந்தால் அது ஈரக் கூளத்தில் வரும் ரத்தக் கழிச்சல் வகை. ஆம்ப்ரோலியம் கேட்கும், ஆனால் கூளத்தை மாற்றாவிட்டால் திரும்ப வரும். தடுப்பூசியையும் விடாதீர்கள்: வெள்ளைக் கழிச்சலுக்குப் பிறந்த நாளிலும் ஆறாவது வாரத்திலும், அம்மைக்கு நாலு ஐந்தாவது வாரத்திலும்.

ஆறாவது வாரம், தலையில் சிவப்பாகத் தடிப்பு

அம்மையாக இருந்தால் கொப்புளம் முதலில் மங்கலாக எழும்பி, பின் கறுத்துப் பொருக்காகும். கண் ஓரத்திலும் வாய் ஓரத்திலும் வரும். தின்பது குறையும். கொசுதான் பரப்புகிறது, அதனால் குளிர் மாதங்களில் குறைவு.

மூன்றாவது வருடம் எங்கள் குஞ்சுகளில் நாலுக்குக் கழுத்தின் ரோமம் உதிர்ந்து, தோலில் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகத் தடித்திருந்தது. தடுப்பூசி போட்டும் இப்படியா என்று இரண்டைக் கூடையில் வைத்து, அக்காவிடம் மீதியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பஸ்ஸில் மருந்தகத்துக்குக் கொண்டுபோனேன். கூடைக்குள் இரண்டும் கீரைத் தண்டுக்குச் சண்டை போட்டுக்கொண்டே வந்தன. டாக்டர் ஒன்றைத் தூக்கி, வெளிச்சத்தில் கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். விரலால் நீவினார். மூக்கின் மேல் முளைத்திருந்த சின்னச் சதைக் கொம்பைத் தொட்டுக் காட்டினார்.

“அம்மை எல்லாம் இல்லைங்க. வயசுக்கு வருது.”